சகனில் என் பங்கு

என் தங்கை ரிஃப்காவின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. எருக்கலம்பிட்டியில் ஒரு கலியாண வீடு. ஒரு சகனைச் (பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டு) சுற்றி ஐந்து பெண்கள் இருந்தோம். அவள் கதைத்தாள், சிரித்தாள், நடுநடுவே விழுங்கினாள். விழுங்குகிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. நான் ஒரு வாயை உள்ளே அனுப்புவதற்குள் அவள் தொண்டை நாலு தடவை ஏறி இறங்கியது. நான் வேகமாக விழுங்கி அந்த நாலை மூன்றாக்கினால் என்ன? பிறகு இரண்டாக? அங்கேயே, அவளுக்குத் தெரியாமல், அவளோடு போட்டியைத் தொடங்கிவிட்டேன்.

சகனில் எல்லோரும் முடிக்கும்வரை ஒருவரும் கை கழுவ எழும்பமாட்டார்கள். சுகமில்லாதவர் பக்கம் நல்ல துண்டுகளையும் தள்ளிவிடுவார்கள். மற்றவர்கள் பக்கம் தட்டு தெரிய, என் பக்கம் குவியல் ஏறியது. நாலு பேர் விரல் காயக் காத்திருந்தார்கள். அவசரப்பட்டேன். சோறு புரையேறி மூக்கால் வந்தது.

மறுநாளிலிருந்து உம்மா எனக்குத் தனித்தட்டு வைத்தார்.

மூன்று வருடத்துக்கு முன் காதுக்குக் கீழே வலிக்காத ஒரு கட்டி. அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. விஞ்ஞான ஆசிரியையாக நியமனம் கிடைத்த புதிது. மூக்குக்குப் பின்னால், தொண்டையின் உச்சியில் புற்றுநோய் என்றார்கள். கொழும்பில் ஏழு கிழமை (வாரம்) கதிர்வீச்சு. நோய் போனது; போகும்போது உமிழ்நீரையும் கொண்டுபோனது. தொண்டையில் தழும்பிறுக்கம் (கதிர் பட்ட தசை நாராக விறைப்பது) வந்தது. “அதுதான் சுகம் வந்திட்டுதே” என்று யாராவது சொன்னால், அவர் வாயில் ஊறும் எச்சிலைப் பார்த்து எனக்குப் பொறாமை வரும். என்னைப்போல் விழுங்கக் கஷ்டப்படும் உங்களுக்கும் அந்தப் பொறாமை வந்தால் வெட்கப்படாதீர்கள். யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

நான் முதலில் சொன்னது, விழுங்கும் பயிற்சி தரும் சிகிச்சையாளரிடம்.

“யாரோட போட்டி?”

“தங்கச்சியோட, மிஸ்.”

“அவவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப அவ சும்மா இருந்தே வெண்டிட்டா.”

நாடியை நெஞ்சுப்பக்கம் தாழ்த்தி விழுங்க வேண்டும். அதே வாய்க்கு இன்னொரு தடவை விழுங்க வேண்டும். அதன் பிறகே அடுத்த வாய் என்றார். இது என் தொண்டைக்குச் சொன்னது. உங்களுடையதை உங்கள் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன். பாடசாலை இடைவேளை முழுவதற்கும் ஒன்பது வாய்தான். மற்ற ஆசிரியைகள் அதற்குள் உண்டு, தேத்தண்ணி குடித்து, பாடசாலை அதிபரைப் பற்றியும் கதைத்து முடித்துவிடுகிறார்கள்.

அடுத்த மாதம் ரிஃப்காவுக்கு நிக்காஹ். அன்று எனக்கு அறைக்குள் தனித்தட்டு என்று உம்மா முடிவெடுத்துவிட்டார். மணப்பெண்ணின் ராத்தா கதவைச் சாத்திக்கொண்டு உண்பதா? அதற்குப் பட்டினி கிடக்கலாம். ரிஃப்காவிடம் போனேன்.

“உன்னைப் பாத்தா எனக்கு எரியுது.”

“ஏன் ராத்தா, மாப்பிள்ளைக்கா?”

“அந்தாளை நீயே வைச்சிரு. நீ தின்னுறதைப் பாத்துத்தான்.”

போட்டியையும் சொன்னேன்.

“அதுதான் அண்டைக்கு என்ர வாயையே பாத்தனீங்களா? சோறு ஒட்டியிருக்காக்கும் எண்டு துடைச்சுத் துடைச்சுக் களைச்சிட்டன்.” பிறகு சொன்னாள்: “நிக்காஹ் அண்டைக்குப் பயத்தில எனக்கும் ஒண்டும் இறங்காது. நாங்க ரெண்டு பேரும் ஒரு சகன். மற்றவங்க சாப்பிட இருக்க முன்னமே தொடங்குவம்.”

“எல்லாற்ற முன்னாலயும் புரைக்கேறினா?” என்றார், பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த உம்மா.

“அதுக்குத்தான் வீட்டில முதல் பழகிப் பாக்கிறம் உம்மா,” என்றாள் ரிஃப்கா.

வருகிற வெள்ளி, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு ஒத்திகை. ஆணம் (குழம்பு) நிறைய விட்டுக் குழைத்த சோறு. நாற்பது நிமிடம் எடுப்பேன் என்று சிகிச்சையாளரிடம் சொல்லியிருக்கிறேன். முன்பு நாற்பது நிமிடம் என்றால் எனக்கு ஒரு பாடவேளை. இப்போது அது ஒரு சாப்பாடு. ரிஃப்கா பத்து நிமிடத்தில் முடிப்பாள். மீதி முப்பதும் அவள் எனக்காக இருக்க வேண்டும். பொறாமை தீரவில்லை. அவளைக் காக்கவைப்பதை நினைத்தால் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருக்கிறது. இறைச்சி வேண்டாம் என்கிறார் உம்மா. நன்றாக அரைத்ததென்றால் ஒரு வாய் முயலலாம் என்கிறார் சிகிச்சையாளர். விரல்நகமளவு எடுத்து, நாடியைத் தாழ்த்தி, இரண்டு தடவை விழுங்கிப் பார்க்கப்போகிறேன்.