சகிந்திக் எப்போது செத்தார்?

சகிந்திக் தராஸ் நகரில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை பேருந்து ஓட்டினார். பயணிகளோடு பேசமாட்டார். யாராவது திட்டினால் கண்ணாடியில் ஒரு பார்வை, அவ்வளவுதான். அவர் ஓய்வு பெற்ற பிறகும் அந்த முகம் ஓய்வு பெறவில்லை. ‘மூன்றாவது கிணறு’ என்ற துப்பறியும் தொடரை எடுக்க வந்தவர்கள் எங்கள் தெருவில் வீடு தேடினார்கள். அவர் வீட்டை வாடகைக்குக் கேட்கப் போன இயக்குநர், முகத்தையும் சேர்த்துக் கேட்டுவிட்டார். துப்பறிகிற அதிகாரிக்கு அப்பா வேடம். வசனம் கிடையாது, உட்கார்ந்திருந்தால் போதும்.

விருந்துக் காட்சியில்தான் வினை வந்தது. வெந்த ஆட்டுத் தலையை முறைப்படி அப்பா முன்னால் வைத்தார்கள். அதிலிருந்து எழுந்த நீராவி சகிந்திக்கின் முகத்தை மறைத்தது. கேமராக்காரர் தட்டை நகர்த்தச் சொல்ல, அது மகன் முன்னால் போனது. பட்டணத்தில் வளர்ந்த அந்த நடிகன் கத்தியை எடுத்து ஒரு காதை அறுத்தான். எல்லோருக்கும் திருப்தி. சகிந்திக் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் வசனம் இல்லை என்று சொல்லியிருந்தார்களே.

அப்பா உயிரோடு இருக்கும்போது மகன் ஆட்டுத் தலையில் கத்தி வைக்கமாட்டான். எங்களில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். காட்சி ஒளிபரப்பான மறுநாள் சந்தைத் தேநீர்க் கடையில் முடிவு கட்டிவிட்டார்கள்: அப்பா எப்போதோ செத்துவிட்டார், மகன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறார்.

“அவரு டீயே குடிக்கல, கவனிச்சியா? பேய் எப்படிக் குடிக்கும்?”

சகிந்திக் உறிஞ்சும் சத்தம் தாங்காமல் ஒலிப்பதிவுக்காரர்தான் குடிக்க வேண்டாம் என்று கெஞ்சியிருந்தார்.

“அறுத்தது இடது காது. துப்பு காதுல விழுந்தும் விழாத மாதிரி இருந்துட்டான்னு அர்த்தம்.”

“உனக்குத்தாண்டா இடது. ஆட்டுக்கு அது வலது!”

இதைச் சொல்லிக்கொண்ட இரண்டு கசாப்புக்காரர்களும் அதன் பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை. சகிந்திக் ரொட்டி வாங்கப் போனால், கல்லறையைக் கடக்கும்போது செய்வதுபோல் ஜனங்கள் உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் மகள் தொக்ஜானின் கல்யாணம் அதில் மாட்டிக்கொண்டது. மாப்பிள்ளையின் அப்பா மமிர்பெக், ஷூ என்ற ஊர்க்காரர், தொடரை ஒவ்வொரு பகுதியும் இரண்டு தடவை பார்ப்பவர். பெண்ணுக்குத் தோடு போட்டு நிச்சயம் செய்ய வேண்டிய நாளைத் தள்ளிக்கொண்டே போனார். செத்தவர் வீட்டில் பெண் எடுப்பது நல்ல சகுனமா என்று உறவினர்கள் கேட்கிறார்களாம். சகிந்திக்கின் மனைவி ராபிகா தொலைபேசியில் போட்ட சத்தத்தில் மமிர்பெக் கடைசியாகக் கிளம்பி வந்தார். கூடவே மனைவி, மகன், சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட கிழ அப்பா தோலெபாய். பக்கத்து வீடு என்பதால் நானும் விருந்தில் இருந்தேன்.

உட்கார்ந்ததுமே மமிர்பெக் ஆரம்பித்தார்.

“சம்பந்தி, எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. நீங்க செத்தது கிணத்துலயா, அதுக்கு முன்னாலயேவா?”

“நான் சாகல.”

“அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க.”

“நல்லா இருக்கே! போன வாரம் கூரைல ஏறி ஓட்டை அடைச்சாரு. செத்தவரு அடைப்பாரா?” என்றார் ராபிகா.

“ஏணி வச்சு ஏறினாரா, சும்மாவே ஏறினாரா?”

சகிந்திக் பொறுமையாக, “நீராவி முகத்தை மறைச்சுது சம்பந்தி. தட்டை நகர்த்தினாங்க. வேற ஒண்ணுமில்ல” என்றார்.

“நீராவியா! இவ்வளவு பெரிய தொடர் எடுக்கிறவன் காரணமில்லாம ஒரு ஈயைக்கூட உள்ள விடமாட்டான். அந்தக் காது இருக்கே…”

ஆட்டுத் தலை வந்தது. மூத்த விருந்தாளியான தோலெபாய் முன்னால் வைத்தார்கள். நீராவி எழுந்து கிழவரின் கண்ணாடியை மூடியது. அவர் தட்டை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார்.

தட்டு மமிர்பெக் முன்னால் போய் நின்றது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. “இடது காதுன்னா உண்மையை மறைக்கிறது. வலதுன்னா கேட்டும் கேக்காதது. அவன் எதை அறுத்தான்? இதோ இப்படிப் பிடிச்சு, இப்படி…”

அறுத்தே விட்டார்.

கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மகன் கையிலிருந்த காதைப் பார்த்தார்.

“ஏண்டா, நான் எப்ப செத்தேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

மமிர்பெக் சிவந்துபோனார். “இல்லப்பா… அது வந்து… நீராவி…” என்றவர் சகிந்திக்கைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

“நீராவிதான்,” என்று கிழவரிடம் சத்தமாகச் சொன்னார் சகிந்திக். “யாருக்கும் வரும். கோவிச்சுக்காதீங்க ஐயா.”

மமிர்பெக்கின் மனைவி இதற்காகவே காத்திருந்ததுபோல் கைப்பையைத் திறந்தார். புருஷன் காதும் கையுமாக உட்கார்ந்திருக்க, எழுந்து போய்த் தொக்ஜானின் காதில் தோடுகளைப் போட்டுவிட்டார். யாரும் தடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மமிர்பெக் மெதுவாகச் சம்பந்தி பக்கம் சாய்ந்தார்.

“எல்லாம் சரி. ஆனா டீ ஏன் குடிக்கல?”

சகிந்திக் கிண்ணத்தை எடுத்து, தெருக்கோடி வரை கேட்கும்படி ஒரே உறிஞ்சாக உறிஞ்சினார்.