பார்க்கக் கொடுத்த ரேடியோப் பெட்டி

ரேடியோ விற்கிற தொழிலில் பாட்டுக் கேட்க ஊரே வரும். விலை கேட்கத்தான் ஆள் வராது. வாசல் வாசலாகப் பொருளைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால் இதைப் படியுங்கள். நமக்குள் ஒரு சொந்தம் உண்டு.

வெள்ளைக்காரன் காலம். பெரிய யுத்தம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. பூந்தமல்லிக் கடைத்தெருவில் சைக்கிள், காஸ் லைட்டு, கிராமபோன் எல்லாம் விற்கிற ஒரு கடையில் எனக்கு வேலை. நான் மூணாங்கிளாசோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் காது மட்டும் நன்றாகப் படித்திருந்தது. தெருக்கோடியில் பாடுகிற கிராமபோனைக் கேட்டே அதன் சுருள்வில் எப்போது அறும் என்று சொல்வேன். அந்தக் காதை நம்பி, "இனிமே ரேடியோதான் முதலாளி" என்று நச்சரித்து, ஒரே ஒரு பெட்டியை வாங்க வைத்தேன். ஆடி மாசம் பட்டணத்திலிருந்து வந்து இறங்கியது. நம் பக்கத்துக் கிராமங்களில் கரண்டு ஏது? பாட்டரியில் பாடுகிற பெட்டி. விலை ஒரு ஜோடி எருது விலை.

பெட்டி கடையிலேயே குந்திக்கொண்டிருந்தது. ஒரு நாள் முதலாளி தெளிவாகச் சொல்லிவிட்டார். பொங்கலுக்குள் விற்காவிட்டால் பெட்டி பட்டணத்துக்குத் திரும்பிப் போகும், நானும் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். வேறு வேலை என்றால் என் மச்சானின் செங்கல் சூளை. என் பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன். சேதி தெரிந்ததும் வீட்டுக்கே வந்து என் காலை உற்றுப் பார்த்தான். "ரேடியோவுக்குக் காது போதும் மாமே. மண்ணு மிதிக்க இந்த மாதிரி பட்டையான காலு யாருக்கு அமையும்?"

பெண் பார்த்த அன்று

எங்கள் தொழிலில் 'பார்க்கக் கொடுப்பது' என்று ஒரு வழக்கம். பெட்டியை வண்டியில் கொண்டுபோய், வீட்டு முற்றத்தில் மூங்கில் நட்டு, ஏரியல் கம்பி இழுத்துக் கட்டவேண்டும். ஒரு செம்புத் தகட்டைத் தரையில் புதைத்து, அதிலிருந்து இன்னொரு கம்பியைப் பெட்டிக்குக் கொடுக்கவேண்டும். தகடு புதைத்த இடம் எப்போதும் ஈரமாக இருக்கவேண்டும். காய்ந்தால் பெட்டி பாடாது, கடுகு தாளிக்கும். இதையெல்லாம் செய்துவிட்டு, "கொஞ்ச நாளு வெச்சிப் பாருங்க, புடிச்சா எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வரவேண்டும்.

மாங்காட்டில் கரும்பு போட்டு நிமிர்ந்த ஒரு குடும்பம். குடும்பத் தலைவரே ஆள் விட்டுப் பெட்டியைக் கேட்டனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. போய்ப் பார்த்தால் வீடெல்லாம் மெழுகிக் கோலம் போட்டிருக்கிறது. மகளைப் பார்க்க அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பெட்டியைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில், வந்தவர் கண்ணில் படுகிற மாதிரி வைக்கச் சொன்னார். வைத்தேன். பெண் தட்டோடு வந்து நின்றபோது மாப்பிள்ளை நிமிரவே இல்லை. பெட்டியின் மேல் காதை வைத்துக்கொண்டு குமிழைத் திருகிக்கொண்டிருந்தான். போகும்போது அவனுடைய அப்பா, "பொண்ணு புடிச்சிருக்குது. அந்தப் பொட்டியும் கூடவே வந்துட்டா ரெண்டு பேருக்கும் பொழுது போவும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பொழுது விடிந்ததும் பெண்ணின் அப்பா கடை வாசலில் நின்றார். "பொட்டிய எடுத்துகினு போயிடு நைனா. அவங்க கேட்டா, உங்கள மாதிரியே அதுவும் பலகாரம் துன்னுட்டுப் போயிடுச்சின்னு சொல்லிக்கிறேன்."

ரயில் நேரம்

ஆவடியில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு கிறிஸ்தவப் பெரியவர். சட்டைப் பையில் சங்கிலி போட்ட கடிகாரம். வீட்டுக்கு எதிரே ரயில் பாதை. வேலையை விட்ட பிறகும் ஒவ்வொரு வண்டி போகும்போதும் வாசலுக்கு வந்து, கடிகாரத்தைப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். பெட்டியைப் பார்க்கக் கொடுத்தேன். பாட்டு அவருக்கு மிகவும் பிடித்தது. கச்சேரி நடந்தால் கண்ணை மூடிக்கொள்வார். விற்றுவிட்டது என்று நானும் மனசுக்குள் கண்ணை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் ரேடியோவில் மணி சொன்னார்கள். பெரியவர் கடிகாரத்தை எடுத்தார். ரேடியோ கொஞ்சம் முந்திவிட்டது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் என்னை வரச்சொல்லிப் பக்கத்தில் நிறுத்தினார். மெயில் வண்டி தடதடவென்று போனது. கடிகாரத்தை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். முள் சரியாக இருந்தது. உள்ளே ரேடியோ மணி சொன்னபோது அதைக் காட்டினார். சரியாக இல்லை. "வண்டியையே இந்த மணிக்கு ஓட்டினவன் நான். பெட்டியில தப்பில்ல தம்பி, உள்ள பேசறவருக்குக் கடிகாரம் சரியில்ல. கொண்டுபோய்த் திருத்திக்கிட்டு வா, வாங்கிக்கறேன்."

வேட்டியில் ஓட்டை

இந்தப் பெட்டிக்கு இரண்டு பாட்டரி. அதில் ஒன்று திராவகம் ஊற்றிய கண்ணாடி ஜாடி. அதை அடிக்கடி பட்டணத்துக்குக் கொண்டுபோய்க் கரண்டு ஏற்றிவர வேண்டும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவேன், பிள்ளையை வைத்திருக்கிற மாதிரி. பூந்தமல்லி ரோடு அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு சொட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் வேட்டியில் ஒரு ஓட்டை. துவைத்து உலர்த்தினால் அதன் வழியாகப் பக்கத்துத் தெரு தெரியும்.

என் வீட்டுக்காரி ஒரு நாள் அந்த வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டு, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்கம்மா ஊட்டுக்கு வரப்ப மட்டும் இத்தக் கட்டிகினு வராதே. கடைக்காரருக்குத்தான பொண்ணு குடுத்தோம், வலை வீசறவருக்கா குடுத்தோம்னு கேக்கும்."

அடுத்த வருஷத்து ஆசாமி

எல்லா ஊரிலும் இப்படி ஒருவர் உண்டு. பூந்தமல்லிக் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. தினமும் கோர்ட்டு கலைந்ததும் கடைக்கு வருவார். பெட்டியின் பின்பலகையைக் கழற்றச் சொல்லி உள்ளே எட்டிப் பார்ப்பார். எத்தனை வால்வு, எந்த ஊர்ச் சரக்கு, சீமையில் இப்போது என்ன வந்திருக்கிறது, எல்லாம் விரல் நுனியில். பட்டணத்துக் கடைகளில் கொடுக்கிற வழுவழுப்பான படக் காகிதங்களை வாங்கி வந்து எனக்கே வகுப்பு எடுப்பார். அடுத்த வருஷம் இதைவிட நல்ல பெட்டி வரும் என்கிற அவர் பேச்சைக் கேட்டு, வாங்க வந்த ஒன்றிரண்டு பேரும் "அப்போ அடுத்த வருஷமே பாத்துக்கலாம்" என்று போய்விட்டார்கள்.

ஐப்பசி பிறந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "சாமி, இவ்வளவு ஆசை இருக்குதே, நீங்களே இத்த எடுத்துகினா இன்னா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இப்ப வாங்கினா என்கிட்ட இருக்கிறது நாளைக்கே பழசாயிடும்பா. வாங்காம இருக்கிற வரைக்கும் எனக்கு எப்பவும் புதுசுதான்."

பக்கத்து வீட்டுக் காது

அம்பத்தூர் ஏரிக்குக் கீழே இரண்டு பங்காளிகள். நடுவில் ஒரு மண் சுவர். இரண்டு குடும்பத்துக்கும் வாய்க்கால் தண்ணீரில் தீராத வழக்கு. பெரிய பங்காளி பெட்டியைப் பார்க்க எடுத்துக்கொண்டார். முதல் நாள் பாட்டு ஓடும்போது சின்னவர் தம் பக்கத்துச் சுவரில் பாயை விரித்துச் சாய்ந்துகொண்டார். பெரியவர் சத்தத்தைக் குறைத்தார். இவருக்கே கேட்கவில்லை. கூட்டினார். அந்தப் பக்கம் "சபாஷ்" என்று குரல் வந்தது.

நான் போனபோது பெரியவர் பெட்டி மேல் ஒரு கம்பளியைப் போர்த்தி, அதற்குள் தலையை விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை. கம்பளியை எடுத்துவிட்டு, என்னை நியாயம் கேட்கிற மாதிரிக் கேட்டார். "மதகு மாதிரி இதுக்கு ஒண்ணு வெச்சிக் குடு அண்ணாத்தே. என் காவாய்க்கு மட்டும் பாயணும். அவன் பக்கம் ஒரு சொட்டு போவக் கூடாது."

ஒரு குடம் தண்ணீர்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கடைக் கூரை பெட்டி இருந்த மூலையிலேயே ஒழுகியது. "எவன் ஊட்டுலயாவது கொண்டுபோய் நனையாம வையி. பொங்கலுக்கு முன்னால எடுத்துக்கலாம்" என்றார் முதலாளி. பாடி கிராமத்தில் கீரையும் காயும் போடுகிற முனுசாமி எனக்குப் பழக்கம். வண்டி கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறவன். புது எருது ஜோடி வாங்கவேண்டும் என்கிறதைத் தவிர அவனுக்கு வேறு பேச்சே கிடையாது. அவன் ரேடியோ வாங்குவான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நனையாத கூரை, அவ்வளவுதான் கணக்கு. கம்பி கட்டி, தகடு புதைத்து, அவன் பெண்டாட்டி பொன்னம்மாளிடம் வழக்கமான பாடத்தைச் சொன்னேன். தினமும் அந்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவேண்டும்.

மற்ற வீடுகளில் எல்லாம் இரண்டு நாள் ஊற்றுவார்கள், மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள். பொன்னம்மாள் தோட்டக்காரி. மழை விட்ட பிறகும் ஒரு நாள் தவறவில்லை. அந்தப் பெட்டி அங்கே பாடிய மாதிரி வேறு எங்கேயும் பாடவில்லை. கடுகு ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஆனால் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்ற அவளுக்குக் கை வரவில்லை. மார்கழியில் நான் பாட்டரி மாற்றப் போனபோது, தகடு புதைத்த இடத்திலிருந்து ஒரு பரங்கிக் கொடி கிளம்பி, ஏரியல் மூங்கிலைப் பிடித்து ஏறி, கூரைமேல் படுத்திருந்தது. வாசல் கோலத்தில் சாணி உருண்டைமேல் அந்தக் கொடியின் பூ. "இன்னாம்மா இது?" என்றேன். "பின்ன இன்னாண்ணே, ஊத்தற தண்ணிக்கு நீ பாட்டு வெச்சிருக்கே, நான் வெத வெச்சிருக்கேன்."

போகி

போகிக்கு முதல் நாள் மச்சான் வந்தான். சூளையில் எனக்கு இடம் ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொன்னான். "போகியில பழசெல்லாம் கழிச்சுடணும் மாமே. உன் ரேடியோ வேலையயும் அதோட போட்டுடு." என் வீட்டுக்காரி அவனை முறைத்தாள். ஆனால் சூளைக்குக் கட்டிக்கொண்டு போக ஒரு பழைய வேட்டியையும் எடுத்து வைத்தாள். அதுதான் எனக்கு உறுத்தியது.

காலையில் வண்டியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு பாடிக்குப் போனேன். பெட்டியோடு செம்புத் தகடும் வரவேண்டும். ஒரு சாமான் குறைந்தாலும் பட்டணத்துக்காரன் திரும்ப எடுக்கமாட்டான். பொன்னம்மாளிடம் சொன்னேன். அவள் தடுக்கவில்லை. "எடுத்துக்கண்ணே. வேரு மொத்தமும் அத்தச் சுத்திகினு கீது. மொதக் காயி மாங்காட்டு அம்மனுக்குன்னு நேந்துகினு கீறேன். இன்னும் முத்தல. தோண்டறதுன்னா தோண்டு, அம்மனுக்கு நீயே சொல்லிடு."

கூரையைப் பார்த்தேன். பச்சையும் மஞ்சளுமாக ஒரு காய், பிள்ளை தூங்குகிற மாதிரி ஓலைமேல் கிடந்தது. மண்வெட்டியை ஓங்கினேன். கை இறங்கவில்லை. கீழே வைத்துவிட்டேன். அப்போதுதான் முனுசாமி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான்.

"இன்னா அண்ணாத்தே, மண்வெட்டியக் கீழ போட்டுட்டு நிக்கிறே?"

"தகடு இல்லாம போனா மொதலாளி என்னை உள்ள உடமாட்டார். தோண்டவும் மனசு வரல. நான் சூளைக்கே போயிடறேன் முனுசாமி. மண்ணு மிதிச்சிகினு இருந்துடறேன்."

முனுசாமி மாட்டை அவிழ்க்காமலே நின்றான். கூரையைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். பொன்னம்மாள் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "எருது சித்திரையில வாங்கிக்கலாம். இருக்கறது இன்னும் நடக்குது இல்ல" என்றாள்.

"பொட்டிய நானே எடுத்துகினா தகட்டத் தோண்ட வேணாம் இல்ல?" என்று முனுசாமி என்னைக் கேட்டான்.

"வேணாம்."

உள்ளே போனான். எருதுக்கு என்று முடிந்து வைத்திருந்த பண முடிச்சோடு வெளியே வந்தான். என் கையில் வைக்கும்போது பக்கத்து வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான். "பரங்கிக்காய்க்கோசரம் ரேடியோ வாங்கினான்னு ஊர்ல சொல்லிடாதே அண்ணாத்தே. பாட்டு மேல பைத்தியம் புடிச்சி வாங்கினான்னே சொல்லு."

கடைக்குப் போய் நடந்ததை முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வியாபாரி அல்லவா? பணத்தை எண்ணிக் கல்லாவில் போட்டார். "பொங்கல் கழிச்சி இன்னொரு பொட்டி எடுத்தாறேன். பாக்கக் குடுக்கப் போவச்சே கையோட ஒரு புடி பரங்கி வெதயும் எடுத்துகினு போ."

அதற்குப் பிறகு எத்தனையோ பெட்டிகள் விற்றேன், ஆனால் வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார் என்று பணம் கைக்கு வருவதற்கு முன்னால் தெரிந்துகொண்டு விற்றது ஒன்றுகூடக் கிடையாது.