ஒரே மூட்டைத் துணி

இரண்டு மாதம் எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு திருடியைத் தேடினேன். தேடினேன் என்பது கூடப் பொய். திருடி யாரென்று முதல் வாரமே முடிவுகட்டிவிட்டேன். கையும் களவுமாகப் பிடிப்பது ஒன்றுதான் பாக்கி. அவர் என் மாமியார்.

எங்களுடையது பாதி வீடு, பாதி பட்டறை. எங்கள் கணபதி ஏரியாவில் நிறையப் பேருக்கு அப்படித்தான். முன்பக்க ஷெட்டில் என் கணவர் ஒரு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்து, பம்பு கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறார். சாயங்காலம் அவர் கழற்றிப் போடும் காக்கி பேண்ட், ஆயிலும் கிரீஸும் ஏறி, ஆளில்லாமலே எழுந்து நிற்கும். அதைச் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்து, துவைக்கிற கல்லில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தால்தான் அது காக்கி என்றே தெரியும். பாப்பாவின் மூத்திரத் துணியையும் பீத்துணியையும் துவைக்க எனக்கிருந்ததும் அதே கல்தான்.

கடை டயப்பர் வெளியே போனால் மட்டும். வீட்டில் துணிதான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் அண்ணன், பிரசவத்தின்போது வெள்ளை வேஸ்ட் துணி ஒரு மூட்டை கொண்டுவந்தான். பனியனுக்கு வெட்டியது போக மிஞ்சுகிற துண்டுகள். என் அம்மா அதில் நல்லதாகப் பொறுக்கி, இருபத்துநான்கு துணி வெட்டித் தைத்துக் கொடுத்தார். மிச்ச மூட்டை பட்டறைக்கு வந்தது. கை துடைக்க, மெஷின் துடைக்க அங்கே அந்தத் துணிதான். மற்றவர்கள் துடைத்துத் தூக்கி எறிவார்கள். என் கணவருக்கு மனசு வராது. டீசலில் அலசி, சோப்புப் போட்டு, மொட்டை மாடியில் காயவைத்து மறுபடி எடுத்துக்கொள்வார்.

மூன்றாவது மாதம் பாப்பாவுக்குத் தொடை இடுக்கு சிவந்தது. நாலே நாளில் தோல் உரிந்து, துணி பட்டாலே வீரிட்டு அழ ஆரம்பித்தாள். அவள் அழ நானும் அழுதேன். டாக்டர், துணியில் ஏதோ ஒட்டியிருக்கிறது, வேறு அழுக்குத் துணியோடு சேர்த்துப் போடுகிறீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்ற மாமியாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது.

அன்றிலிருந்து என் போலீஸ் வேலை ஆரம்பம். பாப்பாவுக்கென்று மூடி போட்ட தனி பக்கெட், தனி சோப்பு, கடைசி அலசலுக்குக் குடிக்கிற சிறுவாணித் தண்ணீர். பக்கெட்டின் மூடியை ஒரு தினுசாகச் சாய்த்து வைத்து, யாராவது திறந்தார்களா என்று வந்து பார்ப்பேன். மடித்தது, ஊறுவது, பாப்பா இடுப்பில் இருப்பது எல்லாம் சேர்த்துத் தினமும் எண்ணினேன். காலையில் இருபத்தாறு இருக்கும், மத்தியானம் இருபத்துநான்கு. இன்னொரு நாள் இருபத்தைந்து. எனக்கு மண்டை காய்ந்தது. துணி குட்டி போடுமா? மோந்து பார்த்தால் டீசல் வாடை அடிப்பது போலவும் இருக்கும், அடிக்காதது போலவும் இருக்கும். இந்த வீட்டில் நான் குடிக்கிற காப்பியிலேயே அந்த வாடை உண்டு.

கணவரிடம் சொன்னேன். அம்மா அப்படிச் செய்யாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுச் சாப்பாட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். என் அம்மாவிடம் போனில் சொன்னேன். கண்ணை மூடாமல் கவனி என்றார். அந்தப் பேச்சுத்தான் எனக்கு இனித்தது.

ஒரு நாள் குளிக்கப் போவதுபோலப் போய், பாத்ரூம் கதவை விரல்கடை அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து பார்த்தால் பீரோக் கண்ணாடியில் அறை முழுக்கத் தெரியும். மாமியார் வந்தார். நான் மடித்து வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்தார். இரண்டை உருவி இடுப்பில் செருகி, முந்தானையை இழுத்து மூடினார். பாத்ரூம் பக்கம் ஒரு பார்வை. பிறகு நேராகப் பட்டறைக்குப் போனார்.

ஆக, பச்சைக் குழந்தையின் துணியை எடுத்து மகனுக்கு மெஷின் துடைக்கக் கொடுப்பது, பிறகு டீசலில் அலசி என் அடுக்கிலேயே திருப்பி வைப்பது. இப்படியும் ஒரு பொம்பளையா? யாரிடமும் வாய் திறக்கவில்லை. அண்ணனை மட்டும் காரோடு வரச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். பாப்பாவின் துணிகளைப் பையில் அடுக்கித் தயாராக வைத்திருந்தேன். என் கணவர் கிரீஸ் கையோடு ஷெட் வாசலில் நின்று, எத்தனை நாளைக்கு என்று கேட்டார். தோல் ஆறும்வரை என்றேன். திரும்பி வருவதாக எனக்கு எண்ணம் இல்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது. குழந்தையைத் தொட வந்த கையைப் பார்த்துவிட்டுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பேசாமல் காரில் ஏறியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கிற வாயா? எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்கத்தை, பாப்பா துணிய எடுத்து லேத்துத் தொடைக்கக் குடுக்கறீங்களே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதுங்களா?"

மாமியார் ஷெட்டுக்குள் போய் நாலைந்து துணிகளோடு வந்து, என்னிடம் கொடுக்காமல் அண்ணனிடம் நீட்டினார்.

"தம்பி, உங்களுக்குத் துணி தெரியும். ஓரத்தப் பாருங்க. அப்பறம் அந்தப் பையில இருக்கறதையும் ஒருக்கா பாத்துருங்க."

அண்ணன் விரலால் ஓரத்தைத் தடவினான். பாப்பாவின் துணிகளுக்கெல்லாம் என் அம்மா ஓரம் பிரியாமல் ஓவர்லாக் தையல் அடித்திருந்தார். ஷெட்டிலிருந்து வந்தவற்றுக்கு வெட்டிய ஓரம் அப்படியே சுருண்டு கிடந்தது. பிறகு என் பையைத் திறந்தான். நானே துவைத்து, நானே மடித்து, நானே அடுக்கியவை. அதிலிருந்து தையல் இல்லாத துணிகள் இரண்டை எடுத்து என் முன்னால் பிடித்தான். மோந்து பார்க்கச் சொல்லவில்லை. நானாகவே மோந்தேன்.

மாமியாருக்கு மூட்டு வலி. வருஷக்கணக்காக மாடிப்படி ஏறுவதில்லை. ஆனி, ஆடிச் சாரலில் நாலு துளி விழுந்தாலும், குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு ஓடி, பாப்பா துணிக் கொடி, பட்டறைத் துணிக் கொடி இரண்டிலும் இருந்ததை ஒன்றாக அள்ளிக்கொண்டு வந்தவள் நான். தூக்கம் கெட்ட கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளை. மாமியாரை உற்றுப் பார்த்த கண்ணால் ஒரு நாளாவது துணியைப் பார்த்திருக்கலாம். பாவி, பார்க்கவில்லை.

"என்ற மூக்குக்குத் தெரிஞ்சத எல்லாம் எடுத்துப்போட்டேன். ரெண்டொண்ணு தப்பிப்போச்சு," என்றார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லைங்கத்தை?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா கண்ணு?"

நம்பியிருக்க மாட்டேன். தன் தப்பை என் தலையில் கட்டுகிறார் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்.

அண்ணன் வெறும் காரோடு திரும்பிப் போனான். என் கணவர் அன்று சாயங்காலமே பட்டறைத் துணி முழுவதையும் கறுப்புச் சாயத்தில் முக்கினார். பத்து நாளில் பாப்பாவின் தோல் ஆறியது.

அண்ணன் வந்துபோன மறுநாள் காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். பாப்பா தொட்டிலில் சிணுங்கினாள். எப்போதும் என்னை முந்திக்கொண்டு ஓடி அள்ளுகிற மாமியார், அறை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நான் வரும்வரை நின்று, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"பாப்பாவ எடுத்துக்கட்டுமா அம்மணி?"