கிரீடம் மறைத்த முகம்

ஒத்திகையில் மண்ணெண்ணெய்ப் பெட்டியை அரியணையாக்கி உட்கார்ந்து, "எங்கேயடா என் வாள்?" என்று அதட்டிக்கொண்டிருந்தேன். ஆர்மோனியக்காரர் உள்ளே வந்தார். "டேய், கத்தாதே. பெருமாள் அண்ணன் போயிட்டாரு. காய்ச்சல் இறங்கவே இல்லையாம்."

இந்த பிரிக்பீல்ட்ஸ் பேட்டையில் நம் சபையின் நாடகம் பார்த்தவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் பலருக்குத் தெரியாது. பகலில் ரயில் பட்டறையில் சம்மட்டி அடிப்பார். மேடையில் ராஜாவுக்குப் பின்னால் வாளேந்தி நிற்பார். அவருக்கு வசனம் கிடையாது. எனக்கோ வாய் ஓயாது. குரல் நன்றாயிருக்கிறதென்று மீசை முளைக்காத எனக்கு ராஜா வேஷம் கொடுத்திருந்தார்கள்.

அது தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள் ஒட்டிய மரவாள். அதைத் தரையில் படவே விடமாட்டார். "விறகுக்கு ஏன் அண்ணே இவ்வளவு மரியாதை?" என்று சீண்டினேன்.

"உன்னை யாரு தம்பி பாக்குறா? இதைப் பிடிச்சுக்கிட்டு நான் நிக்கிறதைப் பாத்துத்தான் நீ ராஜான்னு ஜனம் நம்புது. நான் ஒரு கொட்டாவி விட்டேன்னு வை, உன் ராஜ்யம் போச்சு."

கிள்ளான் ஊரில் நாடகம் போட்ட இரவு எனக்கு வசனம் மறந்தது. கூட்டம் சீட்டியடித்தது. அவர் ஓரடி முன்னால் வந்து வாளை மெல்ல உயர்த்தினார். கொட்டகை அடங்கியது. எனக்கு வசனமும் வந்தது.

சபைக்குப் போட்டோ எடுத்த அன்று, படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் நான் தலையைச் சாய்த்தேன். கிரீடத்து இறகு அண்ணன் முகத்தை மறைத்தது. படம் வந்தபோது எல்லாரும் சிரித்தோம். அவரும்தான். "பரவாயில்ல, வாள் நேரா இருக்கு" என்றார்.

நேற்று அண்ணி கேட்டார்: "சபையில ஒரு படம் இருக்காமே தம்பி? அவரு வேற எங்கயும் படம் எடுத்துக்கிட்டதில்ல. மாலை போடணும்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணியின் விரல் இறகின் மேல் தேடியது. "மூஞ்சி எங்க தம்பி?"

இறகைத் தொட்டுக் காட்டினேன்.

அண்ணி படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். வாளைப் பிடித்த கையில் விரல் நின்றது. "இந்தக் கட்டைவிரல் அவரோடதுதான். சம்மட்டி பட்டுக் கறுத்த நகம்." அந்தக் கையின் மேலேயே பொட்டு வைத்தார். மாலை போட்டார்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது 'வாள் நேரா இருக்கு' என்ற அந்த ஒரு வார்த்தைதான். கண்ணை மூடினால் படம் தெரிகிறது. அவர் சொன்னபடியே வாள் நேராக நிற்கிறது. சாய்ந்திருப்பது என் தலைதான்.