உறைஞ்ச எண்ணெய்

எனக்கு எழுபது வயசு, அஞ்சு பிள்ளைகளை வளத்து ஆளாக்கினவ. இன்னைக்குக் காலையில குப்பியில உறைஞ்சிருந்த தேங்காயெண்ணெய் வாசம், இப்போ காடாயிக் கெடக்குற போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டுக்கே என்னைக் கொண்டுபோயிட்டு.

அப்பா எஸ்டேட் காரோட்டி. காரோட பானெட் கொக்கி இறுகிப்போகும்னு வாராவாரம் துடைச்சு கிரீஸ் வைக்கிறது என் வேலை. ஒரு மார்கழியில கிரீஸ் தீர்ந்துபோக, அப்பாகிட்டச் சொல்லாம தேங்காயெண்ணெயைத் தடவிட்டேன். மறுநாள் விடியக்காலை அம்மாவுக்குப் பேறுவலி, கார் கிளம்பலை. உள்ள என்னன்னு பாக்க பானெட்டைத் திறக்கப்போனா, குளிர்ல எண்ணெய் உறைஞ்சு கொக்கி அசையலை. "கொஞ்சம் பொறுத்துக்க புள்ளே"ன்னு அம்மாகிட்டச் சொல்லிக்கிட்டே அப்பா இழுத்தாரு. வெயில் ஏறி எண்ணெய் இளகினப்புறந்தான் திறந்துச்சு. வண்டியைச் சரிபண்ணி வித்துரா ஆஸ்பத்திரி சேரும் முன்ன அம்மா போயிட்டா.

"கொக்கியைத் திறக்கத் தெரியாம என் கைதான் பிசகிட்டு"ன்னு அப்பா சாகுற மட்டும் சொன்னாரு. எண்ணெய் தடவினது நான்னு கடைசிவரை அவருகிட்டச் சொல்லலை.

பேத்தி, நான் சொல்லச்சொல்ல நீ எழுதின இதை எங்க அப்பா படத்துக்கு முன்னால நின்னு சத்தமா வாசிச்சுக் காட்டு மக்களே.