பொருள் எண் பதினேழு

ஸ்டென்சில் மையின் வாசனை மண்ணெண்ணெயும் ஈரத்தாளும் கலந்ததுபோல மூக்கின் நுனியிலேயே நிற்கும். மாதக் கடைசியில் ஒருநாள் பேரூராட்சி அலுவலகத்துப் பியூன் சைக்கிளை எங்கள் வாசலில் சாய்த்து, பழுப்பு உறையை அம்மாவிடம் நீட்டி, நீளமான ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதும் வீடு முழுக்க அந்த வாசனைதான். உறைக்குள் இருப்பது ‘அஜெண்டா’. அடுத்த கூட்டத்தில் மன்றம் என்னென்ன பேசப்போகிறது என்று வரிசையாக எண் போட்டு அடித்த ஏழெட்டுத் தாள்கள். அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு என்னைப் பார்த்து, “ஞாயித்துக்கெழம எங்கியும் ஓடிடாத” என்பாள்.

ஆவடியைத் தாண்டி, மின்சார ரயில் பாதையை ஒட்டிய சிற்றூர் அது. பெயரைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. சொன்னால் எங்கள் தெருக்காரர் யாராவது படித்துவிடுவார்களே என்ற பயம், இந்த வயதிலும். அப்பா அண்ணனூர் ஷெட்டில் ரயில் பெட்டி கழுவும் வேலைக்குப் போனார். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் வயலில் நடவு நட்டவள். வயலெல்லாம் மனையாகிப்போன பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் தைத்த சட்டைகளின் நூல் ‘பிசிறு’ வெட்டினாள். அப்படிப்பட்டவள் கவுன்சிலரானது எங்கள் வார்டைப் ‘பொம்பளைங்க வார்டு’ என்று அறிவித்ததால். இல்லையில்லை, அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, கன்னியம்மா அக்கா.

கன்னியம்மா அக்கா எங்கள் தெருவில் காலையில் இட்லி சுட்டு விற்பவர். குரல் ரயில் ஹாரனுக்குப் போட்டி. கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு மனைவியையோ மச்சினியையோ வேட்பாளராக நிறுத்தப் பார்த்த நேரத்தில், “இன்னாத்துக்கு? அவங்க பொண்டாட்டி வந்து நம்ம கால்வாயத் தோண்டுவாளா? நீ நில்லு சரசு, நான் கீறேன்” என்று அம்மாவை இழுத்துக்கொண்டுபோய் மனுத் தாக்கல் செய்ய வைத்தவர் அவர்தான். தன் இட்லித் தட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டார். அம்மா ஜெயித்த அன்று தெருவில் இட்லி இலவசம். எனக்கு மட்டும் பதினோரு இட்லி, அதற்கப்புறம் இரண்டு நாள் வயிற்று வலி.

அம்மாவுக்கு ஒரே ஒரு குறை. படிக்க வராது. இரண்டாம் வகுப்போடு நின்றவள். பெயரை எழுதுவாள், பஸ் நம்பரைக் கண்டுபிடிப்பாள், அவ்வளவுதான். கவுன்சிலராகிவிட்டு இதை வெளியே சொல்ல முடியுமா? எனவே ஏழாம் வகுப்பில் இருந்த நான் உறை வந்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு அஜெண்டாவைப் படித்துக் காட்டும் ‘செக்ரெட்டரி’ ஆனேன். பிளீச்சிங் பவுடர் வாங்குதல், தெருவிளக்குக்கு டியூப் மாற்றுதல், கால்வாய் தூர் வாருதல், நாய் பிடித்தல், கொசு மருந்துப் புகை அடித்தல், வாரச்சந்தையைக் குத்தகைக்கு விடுதல் என்று ஒவ்வொரு பொருளும் ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்’ என்றே முடியும். அம்மா விரல் மடக்கிக் கேட்டுக்கொள்வாள். நம் வார்டு என்றால் வலக் கை, அடுத்தவர் வார்டு என்றால் இடக் கை. இடக் கைப் பொருளில் வாய் திறக்கக் கூடாது என்பது அந்த மன்றத்தில் எழுதாத சட்டம். “அடுத்த ஊட்டு அடுப்புல நாம ஏன் ஊதணும்” என்பாள்.

கூட்டத்தில் நடப்பதை நான் பார்த்ததில்லை, அம்மா நடித்துக் காட்டுவாள். கிளார்க் “பொருள் ஒண்ணு” என்று தொடங்கி மூச்சுவிடாமல் படித்துக்கொண்டே போவாராம். டீயும் சமோசாவும் வந்ததும் துணைத் தலைவர் “ஆல் பாஸ்” என்பாராம். எல்லோரும் கை தூக்கிவிட்டுச் சமோசாவை எடுப்பார்களாம். அம்மா மட்டும் குறுக்கே எழுந்து, “ஒம்பதாவது பொருள்ல எங்க தெருவுக்கு ரெண்டு லைட்டுனு போட்டுகீறீங்க, அஞ்சு கம்பம் கீதே” என்று கேட்பாள். தாளைப் பார்க்காமலே எண் சொல்கிறாளே என்று மற்ற உறுப்பினர்கள் அசந்துபோவார்களாம். கன்னியம்மா அக்கா இதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமையடித்தார்: “எங்காளு பேப்பரே தொட மாட்டா, அல்லாம் மண்டைல கீது!” அஞ்சு கம்பத்திலும் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் என் பங்கும் இருக்கிறது என்று எனக்குள் ஒரு திமிர். அந்தத் திமிர்தான் நாசமாய்ப் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரயில்வே கேட்டருகே ஷூட்டிங். யார் நடிகர் என்றுகூடத் தெரியாது. ஷூட்டிங் என்றால் ஷூட்டிங்தான், ஊரே திரண்டு ஓடியது. என் தோழிகள் சாத்திய சன்னலைத் தட்டித் தட்டி “வர்றியா இல்லியா” என்று கேட்டுக்கொண்டிருக்க, நான் இருபத்து மூன்று பொருளை ஒரே மூச்சில் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பதினேழு வந்தது. ‘ஏரிக்கரை விரிவு மூன்றாவது குறுக்குத் தெருவில் அமைந்துள்ள இரண்டு பொதுக் குடிநீர்க் குழாய்களை அகற்றி, அவ்விணைப்பைப் புதிய குடியிருப்புப் பகுதிக்கு நீட்டிப்பது குறித்து.’

அம்மா விரல் மடக்காமல் நிறுத்தினாள். “மூணாவது குறுக்கா? அது எங்க கீது?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா எழுந்துபோய் யாரையாவது கேட்டிருப்பாள். திரும்பி வரும்வரை நான் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குள் ஷூட்டிங் முடிந்துவிடும். “ஸ்டேசனுக்கு அந்தாண்ட மா. ஆறாவது வார்டு” என்றேன். எவ்வளவு சுத்தமாகச் சொன்னேன் தெரியுமா! வார்டு எண்ணைக்கூட நானே போட்டுக்கொடுத்தேன். அம்மா இடக் கையில் ஒரு விரலை மடக்கி, “பாவம், அவங்க குழாய எடுக்குறாங்களா” என்றாள். நான் ஓடினேன். கேட்டருகே ஒரு குடையையும் ஒரு வேனையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

கூட்டம் நடந்து இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, பள்ளிக்குக் கிளம்பும் நேரம், மண்வெட்டியும் குழாய் திருகும் ரிஞ்சுமாக நாலு ஆட்கள் எங்கள் தெருவுக்குள் வந்தார்கள். குழாயடியில் வரிசை வைத்திருந்த குடங்களை ஓரமாக நகர்த்திவிட்டுத் தோண்டினார்கள். கன்னியம்மா அக்கா அரிசி ஊறவைத்த கையோடு ஓடி வந்து, “யோவ், யார் ஆர்டரு?” என்று பாய்ந்தார். அவர்களில் ஃபிட்டராக வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “தீர்மானம் ஆயிடுச்சிமா. ஏரிக்கரை விரிவு, மூணாவது குறுக்கு. உங்க கவுன்சிலரம்மாவும் கை தூக்கிக்கீறாங்க, போய்க் கேளு.”

எங்கள் தெருவின் பெயர் அதுதான். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. முன்பு செங்கல் சூளை இருந்த இடம் என்பதால் எல்லோருக்கும் அது ‘சூளை சந்து’. ரேஷன் கார்டில் சூளை சந்து, பள்ளிப் பதிவேட்டில் சூளை சந்து, வாக்காளர் பட்டியலிலும், அதுவரை வந்த அஜெண்டாக்களிலும்கூடச் சூளை சந்துதான். முனையில் ஒரு பெயர்ப்பலகைகூட இல்லையா என்கிறீர்களா? இருந்தது, சினிமா போஸ்டரும் கண்ணீர் அஞ்சலியும் விரல் கனத்துக்கு ஒட்டி. ஃபிட்டர் ரிஞ்சால் சுரண்டிக் காட்டியபோது நீலத்தில் வெள்ளையாக ‘மூன்றாவது’ மட்டும் எட்டிப் பார்த்தது.

அம்மா வெளியே வந்து நின்றாள். பலகையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். ஏற்கெனவே கட்டியிருந்ததை அவிழ்த்துக் கட்டினேன்.

“சரசு, இன்னா சொல்றான் இவன்? நீயா கை தூக்குன?” என்றார் கன்னியம்மா அக்கா.

“ஆமாக்கா. நான்தான் தூக்குனேன்” என்றாள் அம்மா.

அதற்குமேல் என்ன சொல்வாள்? படிக்கத் தெரியாது என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் என் பொண்ணு பொய் சொன்னாள் என்று சொல்ல வேண்டும். இரண்டையும் விழுங்கிக்கொண்டு நின்றாள். நானாவது வாயைத் திறந்தேனா? பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன், அன்றைக்குக் கணக்குப் பரீட்சையில் நல்ல மார்க்கும் வாங்கினேன், பாவி.

அடுத்த கூட்டத்தில் அம்மா எழுந்து அழாத குறையாகக் கேட்டிருக்கிறாள். நிறைவேறிய தீர்மானத்தை உடனே திறக்க முடியாது, விதி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். “அன்னிக்குப் பதினேழு படிக்கசொல்ல தலைவர் என்னைய ஒரு மாதிரி பார்த்தாருப்பா. டீ எடுத்துக்கச் சொல்றாருனு நெனச்சி சிரிச்சிட்டேன்” என்று அப்பாவிடம் அவள் சொன்னதை, நான் பாடப்புத்தகத்துக்குப் பின்னாலிருந்து கேட்டேன். அலைந்து திரிந்து வாரத்துக்கு மூன்று நாள் தண்ணி லாரி வரவழைத்தாள். லாரி வந்த நேரம் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பயன்படவில்லை. மற்ற நாட்களில் பெண்கள் தண்டவாளத்தைத் தாண்டிப்போய்க் குடம் சுமந்தார்கள். அண்டா அண்டாவாகத் தண்ணீர் வேண்டிய இட்லிக் கடை நாலு மாதம் தாக்குப்பிடித்தது. பிறகு கன்னியம்மா அக்கா, எங்கள் குழாய்த் தண்ணீர் போய்ச் சேர்ந்த அதே புதுக் குடியிருப்பில், ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவர்களின் வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனார்.

அம்மாவுக்கு அங்கே ஒரு ஃபிளாட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நாங்கள் சிமெண்ட் ஷீட்டுக் கூரைக்குக் கீழே, மழை ஒழுகும் இடத்தில் வாளி வைத்துக்கொண்டு அதைக் கேட்டோம். வீட்டுக்கு எதிரிலேயே காறித் துப்பிவிட்டுப் போனவர்களும் உண்டு. அதையெல்லாம் அம்மா தாங்கினாள். கன்னியம்மா அக்கா பேச்சை நிறுத்தியதை மட்டும் தாங்கவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடச் சரி, திட்டவும் இல்லை. எதிரே வந்தால் சுவர் ஓரமாகத் திரும்பிக்கொள்வார். அம்மா அன்றைக்குச் சோறு சாப்பிட மாட்டாள்.

என்னை அம்மா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். அடுத்த பழுப்பு உறை வந்தபோது நானே போய் “படிக்கட்டா மா?” என்று கேட்டேன். “வாணாம். நீ உன் பாடத்தப் படி” என்றாள். அன்றிலிருந்து அஜெண்டாவை மடியில் வைத்துக்கொண்டு, என் பழைய முதல் வகுப்புப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக விரல் வைத்து உதட்டை அசைத்துக் கூட்டுவாள். ஒரு பொருளைப் படித்து முடிக்க அரை மணி நேரம் ஆகும். ‘துண்டித்தல்’ என்ற சொல்லில் அவள் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப முட்டுவதை நான் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். எழுந்துபோய்ச் சொல்லிக்கொடுக்க எனக்கு முகம் இல்லை. பதவிக்காலம் முடியும்வரை அப்படியே படித்தாள். அடுத்த தேர்தலில் நிற்கவில்லை.

இப்போது நான் நூம்பலில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன். சமையலறையில் குழாயைத் திருப்பினால் தண்ணீர். எங்கள் ஊரில் இப்போது பேரூராட்சி என்ற ஒன்றே இல்லை, நகராட்சியாகிவிட்டது. பழைய அலுவலகத்தை இடித்துவிட்டார்கள். அஜெண்டா வாட்ஸ்அப்பில் போகிறதாம், அதற்கு வாசனை கிடையாது. எங்கள் பழைய தெருமுனையில் பளபளவென்று புதிய பெயர்ப்பலகை, வீட்டுக்கு வீடு இணைப்பு, குடிக்கக் கேன் தண்ணீர். குழாயடி இருந்த இடத்தில் யாரோ பைக் நிறுத்துகிறார்கள். ‘சூளை சந்து’ என்றால் உணவு கொண்டுவரும் பையனுக்குத் தெரியவில்லை. அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. எடுத்த அன்று கன்னியம்மா அக்கா வந்து வாசலோரமாக நின்றுவிட்டுப் போனார், உள்ளே வரவில்லை.

போன பொங்கலுக்குத்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. போய் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஷூட்டிங், பதினேழு, ஸ்டேசனுக்கு அந்தாண்ட, ஷூ லேஸ், எல்லாம். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் தன் முழங்காலைத் தடவியபடி நான் முடிக்கும்வரை கேட்டார்.

“அவளுக்குப் படிக்க வராதுனு எனக்குத் தெரியும்மா. ரேசன் கடைல பில்லு குடுத்தா அவ எங்கிட்ட நீட்டுவா, நான் அவகிட்ட நீட்டுவேன். ரெண்டு பேருக்கும் தெரியாது, இதுல எவ படிக்கிறது?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “எவனோ கூட்டத்துல ஏமாத்திட்டான்னு நெனச்சிகினேன். எங்கிட்ட வந்து சொல்லுவா, சேந்து போய் கத்தலாம்னு பார்த்துகினே இருந்தேன். வரவே இல்ல. சரி, என்னைய நம்பலனு நானும் உட்டுட்டேன். உன்னக் காட்டிக்குடுக்க வாணாம்னு இருந்துக்கீறா.”

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

“இத்த அவ இருக்கசொல்ல வந்து சொல்லியிருக்கலாமே பாப்பா. ரெண்டு ஊடு தள்ளிதானே கீறேன்.”