விருத்தாசலத்தில் வாங்கிய நஞ்சுக் கோப்பை

“அந்த வசனம் இல்லன்னா நீ திரும்பி வந்திருப்பியாம்மா?” விருத்தாசலத்தில் என் மகள் கயல் கேட்ட இந்தக் கேள்விக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

1993, ஆடி மாதத்துச் சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறினோம். டிக்கெட் எனக்கு மூன்று ரூபாய், கயலுக்குப் பாதி. பள்ளி நாடகத்தில் அவள்தான் சாக்ரடீஸ். நஞ்சு குடிக்க ஒரு பீங்கான் கோப்பை வேண்டும். எட்டு வயதுக் குழந்தை மேடையில் சாவதா என்று எனக்கு உள்ளூரக் கலக்கம்.

பத்தேகாலுக்கு விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை. கூரை, தரை, ஆட்களின் புருவம் எல்லாம் வெள்ளைத் தூசி. கண் வரையாத பொம்மைகள் வரிசையாகத் தூங்கின. கைப்பிடி ஒட்டும் செல்வி அக்கா ஒரு கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் ஊசியால் கீறிய பிறை.

“என் அடையாளம்ங்க. சூளையில கைப்பிடி வுழுந்தா யாரு ஒட்டுனதுன்னு மேஸ்திரிக்குத் தெரியணுமில்ல? போன வாரம் ரெண்டு வுழுந்துடுச்சு. இன்னொண்ணு வுழுந்தா வூட்லயே இருன்னுட்டாரு.”

சுட்ட கோப்பை எடுக்க அவர் உள்ளே போனார். கயலின் கைக்கு அடங்குமா என்று பார்க்க, பலகையில் இருந்த ஒன்றைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன், வீட்டில் தூக்குவது போல. அது சுடாத கோப்பை, அடியில் அதே பிறை. கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. கயல் பொம்மைகளிடம் நின்றிருந்தாள். எச்சில் தொட்டு ஒட்டினேன், நின்றது. எட்டு ரூபாய் கொடுத்துக் கோப்பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பதினொன்றேகால் பஸ். சன்னலில் முந்திரித் தோப்புகள் மிதந்து போயின. கயல் வசனம் படித்தாள். சிறையிலிருந்து தப்பிவிடும்படி நண்பர் கெஞ்சுகிறார், சாக்ரடீஸ் மறுக்கிறார். “சாவுக்கு நான் அஞ்சவில்லை. அநியாயம் செய்வதைவிட அநியாயத்துக்கு ஆளாவது மேல்.” ஆளாகப்போவது செல்வி அக்கா. செய்தவள் நான்.

பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, மங்கலம்பேட்டையில் எழுந்தேன்.

“உளுந்தூர்பேட்டைக்கு டிக்கெட் வாங்கிட்டு இங்க எறங்குறீங்க. தூக்கமா?” என்றார் கண்டக்டர்.

“ஒண்ணு மறந்துட்டேங்க.”

ஒரு மணிக்கு மறுபடி பட்டறை. நடந்ததைச் சொன்னேன். செல்வி அக்கா கைப்பிடியை விரலால் சுண்டினார். விழுந்தது.

“எச்சிலா? நாங்க மண்ணு கொழைச்சி ஒட்டுறோம். நீங்க பெரிய வேலைக்காரியா இருக்கீங்களே.” இரண்டையும் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். “சுடாத பச்சை மண்ணுதானே, கரைஞ்சி திரும்பவும் கப்பாயிடும். சுட்டப்புறம் வந்து சொல்லியிருந்தா என் பொழப்பு போயிருக்கும்.”

கோப்பை மேகம் போல மெல்லக் கலைந்தது. மூவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். அப்போதுதான் கயல் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் எச்சில் தொட்டு ஒட்டியதை முதலிலேயே அவள் பார்த்திருக்கிறாள்.

போன வாரம் நாடகமும் முடிந்துவிட்டது. நஞ்சைக் குடித்துவிட்டு மேடையில் படுத்தவள், ஒரு கண்ணைத் திறந்து கூட்டத்தில் என்னைத் தேடினாள். அவள் சாவதைப் பார்க்க நான் பயப்படவில்லை. அந்தக் கண்ணுக்குத்தான் பயந்தேன்.

‘வந்திருப்பேன்’ என்று சொன்னால் அது பொய்யாக இருக்கலாம். ‘தெரியாது’ என்று ஒரு தாய் எட்டு வயது மகளிடம் சொல்லலாமா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எனக்கு எழுதுங்கள்.